ஜொகூர் பாருவில் கொண்டோ: வக்கீல் கொட்டேஷனும் ஏஜெண்ட் கணக்கும் ஒத்துப்போகவில்லை, உதவி தேவை

உட்லண்ட்ஸ்வாசி:
வணக்கம். நான் சிங்கப்பூர்க் குடிமகன். ஜொகூர் பாருவில் மறுவிற்பனைக்கு வந்த ஒரு கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) எங்களுக்குப் பிடித்திருக்கிறது. விலை 12,00,000 ரிங்கிட், விற்பவர் மலேசியர். இன்னும் முன்பணம் கட்டவில்லை.

ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கில் முத்திரை வரி 48,000 ரிங்கிட். நண்பர் சொன்ன வக்கீல் அலுவலகத்தில் கேட்டால் 96,000 என்று போட்டுத் தருகிறார்கள். அது போக வக்கீல் கட்டணம் 13,250, சேவை வரி 1,060, கடைசியில் "இதர செலவுகள்" என்று ஒரு தொகை. விற்பவரின் வக்கீலே எனக்கும் பார்த்துக்கொள்வார், அந்தக் கட்டணம் மிச்சம் என்கிறார் ஏஜெண்ட். யார் கணக்கு சரி? வக்கீல் கட்டணத்தைப் பேசிக் குறைக்க முடியுமா?

நிலப்பத்திரம்:
ஜேபியில் (ஜொகூர் பாருவில்) ஒரு வக்கீல் ஆபீஸில் வீடு வாங்கல் கோப்புகளைப் பல வருடங்கள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வக்கீல் தந்த 96,000தான் சரி. வெளிநாட்டினர் பெயருக்கு வீடு மாறும்போது 2024, 2025 ஆண்டுகளில் முத்திரை வரி 4 சதவீதமாக இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் குடியிருப்புச் சொத்துக்கு அது 8 சதவீதம். உங்கள் ஏஜெண்ட் பழைய தாளை அப்படியே அனுப்பியிருக்கிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள். வரி போடுவது ஒப்பந்த விலைக்கா, அரசு மதிப்பீட்டுத் துறை சொல்லும் சந்தை மதிப்புக்கா என்றால், இரண்டில் எது அதிகமோ அதற்கு. மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு வாங்கியவர்களுக்கும் மதிப்பீட்டில் கூடுதல் வரி வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். 96,000க்கு மேல் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் கட்டணம் அவர் இஷ்டத்துக்குப் போட்டது இல்லை, சட்டப்படியான அளவுகோல். 2023 ஜூலை முதல் உள்ள விகிதப்படி முதல் 5 லட்சத்துக்கு 1.25 சதவீதம், அதாவது 6,250. மீதி 7 லட்சத்துக்கு 1 சதவீதம், 7,000. கூட்டினால் 13,250. அதற்கு 8 சதவீதச் சேவை வரி 1,060. கணக்கு ரிங்கிட் பிசகாமல் இருக்கிறது. நல்ல ஆபீஸ் என்றுதான் தோன்றுகிறது.

கேள்வி கேட்க வேண்டிய இடம் "இதர செலவுகள்". நில அலுவலகத் தேடல், விற்பவர் திவாலானவரா என்ற தேடல், கேவியட் (வேறு யாருக்கும் வீடு கைமாறாமல் தடுக்கும் குறிப்பு) பதிவு, பட்டா மாற்றப் பதிவுக் கட்டணம், போக்குவரத்து என்று எல்லாம் அதற்குள்தான் வரும். வரிவரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டினர் வாங்குவதற்கு மாநில அரசின் சம்மதம் வேண்டும், தேசிய நிலச் சட்டத்தின் 433பி பிரிவு. அந்த விண்ணப்ப வேலைக்குத் தனிக் கட்டணமா, மாநிலத்துக்குக் கட்டும் தொகை இந்தக் கொட்டேஷனில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் பின்னால் புதுச் செலவு முளைக்கும்.

தெப்ராவ் அக்கா:
தம்பி, தயவுசெய்து விற்பவரின் வக்கீலை நம்பி உட்காராதீர்கள். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சம்மதம் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும் என்று ஒரு வாசகம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். உங்களுக்காக அந்த வாசகத்தைக் கேட்டு வாதாட ஆள் வேண்டாமா? 12 லட்சத்துக்கு வாங்குகிற வீட்டில் 13,250ஐ மிச்சம் பிடிப்பதற்கு இது இடமே இல்லை.

வங்கிக் கடன் எடுத்தால் அதற்கும் அப்படியே ஒரு வாசகம் கேளுங்கள். கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் போய்விடும் என்றுதான் பல ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன.

உட்லண்ட்ஸ்வாசி:
ரொம்ப நன்றி அக்கா, நிலப்பத்திரம் அண்ணே. 60 சதவீதம் கடன் எடுக்கலாம் என்று இருக்கிறோம். அதற்கும் தனியாக வக்கீல் கட்டணமா? அப்புறம், ஏஜெண்ட் 3 சதவீத முன்பணத்தைத் தன் கணக்குக்கே அனுப்பச் சொல்கிறார், "சீக்கிரம் புக் ஆகும்" என்று. அதுவும் சரியா?

நிலப்பத்திரம்:
அவர் சொந்தக் கணக்குக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். பதிவுபெற்ற ஏஜென்சியின் வாடிக்கையாளர் கணக்கு, இல்லையென்றால் வக்கீலின் வாடிக்கையாளர் கணக்கு. வேறு எங்கும் இல்லை. ஏஜெண்ட் கழுத்தில் போட்டிருக்கும் அட்டையில் பதிவு எண் இருக்கும், அது நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மறுவிற்பனையில் ஏஜெண்ட் கமிஷன் விற்பவர் தருவது, உங்களிடம் கேட்டால் அது தனிக் கேள்வி. வக்கீலின் பெயரையும் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள்.

கடன் ஒப்பந்தத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதே அளவுகோல்தான். 7,20,000 கடன் என்றால் 8,450 ரிங்கிட், அதோடு சேவை வரி. கடன் பத்திரத்துக்கு முத்திரை வரி 0.5 சதவீதம், 3,600. உங்கள் வக்கீல் அந்த வங்கியின் பட்டியலில் இருந்தால் இரண்டு கோப்பையும் அவரே பார்ப்பார், நேரம் மிச்சம். இல்லாவிட்டால் வங்கி வேறொருவரைப் போடும்.

ஒரு விஷயம் உங்கள் பக்கம் வேலை செய்யும். விற்பவரின் சொத்து லாப வரிக்காக விலையில் 3 சதவீதத்தை உங்கள் வக்கீல் பிடித்துவைத்து 60 நாளுக்குள் வரி இலாகாவுக்குக் கட்ட வேண்டும். தனி வக்கீல் இருந்தால் இது தவறாமல் நடக்கும்.

சிம்பாங்காரன்:
இரண்டு கேள்வி. நீங்கள் வீவக (சிங்கப்பூர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறீர்களா? குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியாமல் வெளிநாட்டில் வீடு வாங்கக்கூடாது. அப்புறம், அந்த யூனிட் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) ஒதுக்கீடா என்று நில அலுவலகத் தேடலில் பார்த்தீர்களா? ஜொகூரில் வெளிநாட்டினருக்குக் குறைந்தபட்ச விலை 10 லட்சம் ரிங்கிட், அதைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் ஒதுக்கீட்டு யூனிட் என்றால் விலை எவ்வளவானாலும் வாங்க முடியாது. 5 வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 சதவீதம் வரி என்பதையும் மனதில் வையுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
எங்கள் வீவக வீட்டுக்குக் காலம் முடிந்து வெகுநாள் ஆகிறது. தேடல் இன்னும் செய்யவில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன்பே செய்யச் சொல்லி வக்கீலிடம் இன்று பேசினேன், ஒப்புக்கொண்டார். செலவுகளைப் பிரித்தும் அனுப்புகிறாராம். ஏஜெண்ட் கொஞ்சம் முகம் சுளித்தார், இருக்கட்டும். கையெழுத்துக்கு ஜேபி வரைக்கும் போகணுமா, இங்கேயே போடலாமா?

நிலப்பத்திரம்:
சிங்கப்பூரில் போட்டால் பட்டா மாற்றப் பாரத்துக்கு நோட்டரி சான்று வேண்டும், அது தனிச் செலவு. உட்லண்ட்ஸிலிருந்து பாலம் தாண்டினால் வக்கீல் ஆபீஸ். வார நாளில் காலையில் போய் வக்கீல் முன்னாலேயே போட்டுவிட்டு வாருங்கள், கடவுச்சீட்டு அசலை மறக்க வேண்டாம்.