மறுமொழி: நிணநீர்க்கணு ‘வீக்கமா’, ‘பருத்தலா’? (தலை, கழுத்துப் புற்றுநோய்ச் சொற்கள்)

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குத் தமிழ்ச் சொற்பட்டியல் ஆக்கும் குழுவினர்க்கு வணக்கம். நிணநீர்க்கணு (லிம்ஃப் நோட்) பெரிதாவதையும் அதன் அளவுகளையும் எந்தச் சொல்லால் குறிப்பது என்ற பேச்சில், உங்கள் வரிகளை மேற்கோளாகக் காட்டி என் பதிலைத் தருகிறேன்.

> லிம்ஃபடினோபதி = நிணநீர்க்கணு வீக்கம். எல்லோருக்கும் புரிகிறதே, இதையே வைத்துக்கொள்ளலாம்.

புரிகிறது, சரி. என்னவாகப் புரிகிறது என்பதில்தான் எனக்குத் தயக்கம். வீக்கம் என்றதும் வலி, சூடு, சிவப்பு எல்லாம் மனத்தில் வந்துவிடும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அது அப்படிப்பட்டது. தொண்டையில் தொற்று வந்தால் தாடைக்குக் கீழே கட்டுவதும் அதே வகை. தொட்டால் வலிக்கும், தொற்று தீர்ந்தால் சில வாரங்களில் தானாக வடியும். நாக்கு, தொண்டை, குரல்வளைப் புற்று கழுத்துக் கணுவுக்குப் பரவும்போது பெரும்பாலும் கதை வேறு. வலி இருக்காது. கணு கெட்டியாக இருக்கும், வாரக்கணக்கில் ஆனாலும் குறையாது, முற்றினால் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டு அசையவும் அசையாது. “வலியே இல்லை, இது என்ன வீக்கம்” என்று ஒருவர் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட நாம் ஆக்கும் சொல்லே காரணமாகிவிடக் கூடாது.

அதனால் என் பரிந்துரை கணுப்பருத்தல். தண்டு பருத்தது, மரம் பருத்தது என்கிறோம். அளவு கூடியதை மட்டும் சொல்லும், காரணத்தைப் பற்றி வாயே திறக்காது. முதல் ஸ்கேன் அறிக்கையில் நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான், ஏனென்றால் அந்தக் கட்டத்தில் பல சமயம் மருத்துவருக்கே காரணம் தெரியாது. பல் பிடுங்கிய பிறகோ திசு ஆய்வுக்குச் சதை எடுத்த பிறகோகூடக் கணு பருக்கும். ஊசி போட்டுச் செல்லெடுத்துப் பார்த்துக் காரணம் தெரிந்ததும், தொற்று, புண் போன்றவற்றால் என்றால் எதிர்வினைப் பருத்தல், புற்றால் என்றால் புற்றுப் பருத்தல் என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம்.

‘நெறிகட்டு’ வேண்டும் என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல், கைவிட எனக்கும் மனமில்லை. பொதுச்சொல்லாக வைக்காமல் எதிர்வினைப் பருத்தலுக்கு மக்கள் வழக்குச் சொல்லாக வைக்கலாம். பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ‘கண்டமாலை’ வேண்டாம். அது சித்த மருத்துவத்தில் ஒரு நோயின் பெயர், அளவு மாற்றத்தின் பெயரல்ல.

> குறு + அச்சு = குற்றச்சு; நெடு + அச்சு = நெட்டச்சு. குற்றெழுத்து, நெட்டெழுத்து போல.

கணுவின் குறுகிய, நீண்ட அளவுகளுக்கான இந்த இரு சொற்களின் இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘குற்றச்சு 14 மி.மீ.’ என்று படிக்கிற நோயாளிக்குக் குற்றம்தான் முதலில் கண்ணில் படும். குறுக்களவு, நெடுக்களவு என்று போடலாமே. கதிரியல் மருத்துவர் செய்வதும் அதுதான்: படத்தில் கணுவின் மிக நீண்ட கோட்டை முதலில் இழுப்பார், பிறகு அதற்குச் செங்குத்தாக, குறுக்கே, மிக அகலமான இடத்தில் இன்னொரு கோடு. இரண்டாவது கோடுதான் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது.

இயல்பான கணு அவரை விதை மாதிரி நீள்வட்டமாக இருக்கும். அதன் நீளம் ஆளுக்கு ஆள் மாறும், படம் எந்தக் கோணத்தில் வெட்டியது என்பதைப் பொறுத்தும் மாறும். உள்ளே புற்று வளர்ந்தால் கணு உருண்டு திரள்கிறது, குறுக்களவு கூடுகிறது. நெடுக்களவைக் குறுக்களவால் வகுத்து 2-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. 2-க்குக் கீழே இறங்க இறங்க ஐயம் கூடும். கழுத்தில் பொதுவாகக் குறுக்களவு 10 மி.மீ. என்பது எல்லை. தாடைக் கோணத்துக்குக் கீழே இருக்கும் கணு இயல்பிலேயே சற்றுப் பெரியது என்பதால் அங்கே 11 வரை விடுவதுண்டு. மருந்துக்குக் கட்டி எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ரெசிஸ்ட் 1.1 விதிகளும் (2009) கணுவுக்குக் குறுக்களவைத்தான் கேட்கின்றன: 15-உம் அதற்கு மேலும் இருந்தால் அளந்து பின்தொடரலாம், 10-க்குக் கீழே போனால் இயல்பு.

புற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்று நிலை வகுக்கும் டி.என்.எம். முறையோ நெடுக்களவைக் கேட்கிறது. 3 செ.மீ., 6 செ.மீ. என்று அதில் வரும் எல்லைகள் எல்லாம் கணுவின் மிகப் பெரிய அளவுக்கு உரியவை. நாக்குப் புற்று வந்த ஒருவருக்கு அதே பக்கக் கழுத்தில் ஒரே ஒரு கணு, நெடுக்களவு 32 மி.மீ., குறுக்களவு 18 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். புற்று கணுவின் உறையைத் தாண்டவில்லை என்றால் இது கணுப் பரவலில் என்2ஏ என்ற படி. மொழிபெயர்ப்பவர் ‘கணுவின் அளவு 18 மி.மீ.’ என்று மட்டும் எழுதிவிட்டால் படிப்பவர் 3 செ.மீ.க்குள் அடக்கி, அதற்குக் கீழ்ப்படியான என்1 என்று எடுத்துக்கொள்வார். அதனால் ‘அளவு’ என்ற மொட்டைச் சொல்லை இந்தப் பட்டியலில் எங்கும் விடக்கூடாது என்பது என் கட்சி.

> குறுக்குவெட்டுப் படத்தில் நெடுக்களவு என்றால் குழம்பாதா?

ஒருமுறை குழம்பும்தான். வெட்டு என்பது உடலுக்கு, அளவு என்பது கணுவுக்கு என்று விளக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும்.

கணு பருக்காமலே உள்ளே புற்று இருக்கக்கூடும். கைக்கும் தட்டுப்படாது, ஸ்கேனிலும் 6, 7 மி.மீ.தான் காட்டும். இதற்கு ‘மறைபரவல்’ என்று முன்பே ஒருவர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். டாட்டா நினைவு மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கும்: தொடக்கநிலை வாய்ப்புற்றில் கணு தட்டுப்படாதபோதே கழுத்துக் கணுக்களையும் சேர்த்து எடுத்தவர்களில் 3 ஆண்டில் 80% பேர் உயிரோடு இருந்தார்கள், கணு தலைகாட்டிய பிறகு எடுத்தவர்களில் 67.5%. இப்படிப்பட்ட செய்தியைத் தமிழில் எழுத இந்தச் சொல் இல்லாமல் முடியாது.

> அளவு குறைவதற்குச் சுருக்கம்.

இதை மட்டும் ஏற்க முடியவில்லை. கதிர்வீச்சு முடிந்த சிலருக்கு உணவுக்குழாய்ச் சுருக்கம் வருகிறது, விழுங்க முடியாமல் போகிறது. ஒரே நோயாளியின் ஒரே தாளில் ஒரு சுருக்கம் நல்ல செய்தி, இன்னொன்று கெட்ட செய்தி என்றால் யார் பிரித்துப் படிப்பது? கணு ஒடுங்கல் என்று வைப்போம். பருத்தலுக்கு எதிரே ஒடுங்கல், இணையாகவும் நிற்கிறது.

முழுக்க ஒடுங்காமல் மிஞ்சுவது ‘எஞ்சுகணு’. எஞ்சியதெல்லாம் புற்றுமல்ல. எச்.பி.வி. என்ற வைரஸ் சார்ந்த தொண்டைப் புற்றில் கணு மெதுவாகத்தான் ஒடுங்கும், வெறும் தழும்பாகவும் தங்கிவிடும். அதனால்தான் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து 12 வாரம் போல விட்டு, செயல்படும் திசுவை ஒளிரக் காட்டும் பெட்-சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள், அவசரப்பட்டு முன்பே எடுத்தால் சிகிச்சையின் அழற்சியே ஒளிர்ந்து ஏமாற்றும். நோயெதிர்ப்பு சிகிச்சையில் எப்போதாவது கணு முதலில் பருத்துப் பிறகு ஒடுங்குவதைப் ‘பொய்ப்பருத்தல்’ எனலாம். வீக்கத்தை வைத்திருந்தால் ‘பொய்வீக்கம்’ என்று அபத்தமாகப் போயிருக்கும்.

மிச்சம் ஒன்று. புற்று கணுவின் உறையைக் கிழித்து வெளியே பரவுவதற்குப் பட்டியலில் இன்னும் இடம் காலியாக இருக்கிறது. 2018-இல் நடப்புக்கு வந்த டி.என்.எம். 8-ஆம் பதிப்பில் எச்.பி.வி. சாராத புற்றுகளுக்கு இது நிலையையே உயர்த்திவிடும், எனவே தள்ளிப்போட முடியாது. ‘உறைமீறல்’, ‘உறைகடப்பு’ இரண்டும் கையில் உள்ளன. எனக்கு முதலாவது பிடிக்கிறது, ஆனால் மீறல் என்றதும் சட்டம் நினைவுக்கு வருகிறது என்று வீட்டில் ஒரு எதிர்ப்பு. நோயியல் துறையில் இருப்பவர்கள் சொல்லட்டும்.