‘நம்ம வீடு’ குழு: 450 வாட் விவகாரம்

நான்: எல்லோருக்கும் ஒரு கேள்வி. ரேவதி அக்கா தன் பழைய கிராஃபிக்ஸ் கார்டை எனக்குத் தருகிறேன் என்றார். ஆர்டிஎக்ஸ் 3060. நம் கம்ப்யூட்டரில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) தாங்குமா? வெள்ளிக்கிழமைக்குள் பிளெண்டர் 3டி மென்பொருளில் செய்த ப்ராஜெக்டை ரெண்டர் செய்து (இறுதிப் படமாக மாற்றி) கொடுக்க வேண்டும்.

சேகர் மாமா: தாங்கும்.

சேகர் மாமா: 2016ல் நான் அசெம்பிள் செய்த மெஷின் அது. 450 வாட். கண்ணை மூடிக்கொண்டு மாட்டு.

ரேவதி அக்கா: டிவியையும் கண்ணை மூடிக்கொண்டுதானே மாமா திறந்தீர்கள்?

பெரியம்மா: 😂😂

சேகர் மாமா: அந்த டிவி ஏற்கெனவே செத்துப்போயிருந்தது.

அம்மா: சாகவில்லை. படம் கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ரவி சித்தப்பா: பாபு, 450ஐ மறந்துவிடு. எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 3.3, 5, 12 வோல்ட் என்று தனித்தனிக் கட்டம் போட்டிருப்பான். 450 என்பது எல்லாம் சேர்ந்த கணக்கு. பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் இழுப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்துதான். அங்கே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்கு. வருவதுதான் உன் கையிருப்பு. பழைய மலிவு ரகங்களில் 3.3, 5 பக்கம் நிறையக் கொடுத்துவிட்டு 12ல் கையை இறுக்கியிருப்பார்கள். ஸ்டிக்கரை ஃபோட்டோ எடுத்து அனுப்பு, மீதியை அப்புறம் சொல்கிறேன்.

ரேவதி அக்கா: மீதி வேறு இருக்கிறதா

நான்: (படம்)

அம்மா: உன் கட்டைவிரல்தான் தெரிகிறது.

நான்: (படம்)

பெரியம்மா: இவ்வளவு தூசியா! வீட்டில் யாரும் துடைப்பதே இல்லையா?

அம்மா: வந்து துடைத்துவிட்டுப் போ அக்கா.

பெரியம்மா: அது இருக்கட்டும். ரேவதி கல்யாண ஃபோட்டோ எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது? வேறெங்காவது எடுத்து வைத்தீர்களா?

அம்மா: நீதான் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனாயே.

பெரியம்மா: அதை சேகரிடம் கொடுத்தேன்.

சேகர் மாமா: என்னிடம் யாரும் எதுவும் தரவில்லை.

நான்: ஸ்டிக்கரில் 12 வோல்ட் இரண்டு இருக்கிறது. ஒன்றில் 14 ஆம்பியர், இன்னொன்றில் 15.

சேகர் மாமா: 29 ஆம்பியர். 12ஆல் பெருக்கினால் 348 வாட். முடிந்தது கதை.

ரவி சித்தப்பா: மச்சான், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதையும் படியுங்கள். இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் 288 வாட். இதைக் கூட்டக் கூடாது.

ரவி சித்தப்பா: இப்போது செலவைப் பார்ப்போம். கார்டு 170 வாட். பிராசஸர் ஐ5-6500, அது 65. மதர்போர்டு, இரண்டு ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் ஒரு 40 வையுங்கள். 275.

சேகர் மாமா: அப்போதும் 13 வாட் மிச்சம்!

ரவி சித்தப்பா: கார்டு 170 என்பது சராசரி. கண் சிமிட்டும் நேரத்துக்குள் அதைத் தாண்டிக் குதித்துவிட்டு இறங்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கும், முடியாவிட்டால் பட்டென்று அணைந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். மட்டமானது போகும்போது போர்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகலாம். போதாததற்கு வயது வேறு ஆகிவிட்டது, உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்கள் புதிதில் இருந்த தெம்போடு இருக்காது. இந்தக் கார்டுக்கு என்விடியாவே 550 வாட் வேண்டும் என்கிறது.

சேகர் மாமா: கம்பெனிக்காரன் எப்போதும் கூட்டித்தான் சொல்வான். நான் போட்டது மட்டமான சரக்கு இல்லை.

அம்மா: அது கேபினட்டோடு சும்மா வந்தது என்று நீதானே அன்று சொன்னாய் சேகரு?

ரேவதி அக்கா: 🙊

நான்: அக்கா, உங்கள் கார்டில் 8 பின் சொருகும் இடம் இருக்கிறது. எங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரே ஒரு 6 பின் வயர்தான்.

சேகர் மாமா: 6ஐ 8 ஆக்கும் கன்வர்ட்டர் என்னிடம் இருக்கிறது.

ரவி சித்தப்பா: வேண்டாம். 6 பின்னுக்கு 75 வாட், 8 பின்னுக்கு 150 என்று வரையறை. முனையை மாற்றினாலும் பின்னால் வருவது அதே கம்பிதான். கார்டைச் சொருகும் மதர்போர்டு ஸ்லாட் தருவது 75. ஆக மொத்தம் 150, கார்டு கேட்பது 170. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து இழுக்கும் கன்வர்ட்டர் என்றால் இன்னும் மோசம், அந்த முனை தாங்குவதே 54 வாட்தான். உருகிவிடும்.

பெரியம்மா: யூபிஎஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

ரவி சித்தப்பா: அண்ணி, யூபிஎஸ் வெளியே கரண்ட் போனால்தான் உதவும். உள்ளே எஸ்எம்பிஎஸ்ஸால் முடியாததை அதனால் தர முடியாது.

ரேவதி அக்கா: பாபு, கார்டின் பவர் லிமிட்டை, அதாவது அது இழுக்கும் வாட் உச்சவரம்பை, குறைத்து ஓட்டலாம். நான் வெயில் காலத்தில் அப்படித்தான் வைத்திருந்தேன். ரெண்டர் கொஞ்சம்தான் மெதுவாகும்.

நான்: அப்படியென்றால் மாட்டலாமா?

ரேவதி அக்கா: நான் அப்படிச் சொல்லவில்லை

ரவி சித்தப்பா: வயர் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. 550 அல்லது 650 வாட், 8 பின் வயரோடு புதிதாக ஒன்று வாங்கு.

அம்மா: யார் வாங்குவது?

(21 நிமிடம் கழித்து)

சேகர் மாமா: யாரும் எதுவும் வாங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து அந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து சுத்தம் செய்து பார்க்கிறேன்.

ரவி சித்தப்பா: மச்சான், தயவுசெய்து திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும். கை வைத்தால் அடிக்கும்.

அம்மா: டிவி!!

நான்: மாமா, ப்ராஜெக்ட் வெள்ளிக்கிழமை.

ரேவதி அக்கா: பேசாமல் ஃபைலை எனக்கு அனுப்பு. இங்கே ரெண்டர் போட்டுத் தருகிறேன். கார்டு விஷயத்தை அப்புறம் பார்ப்போம்.

நான்: 4 ஜிபி இருக்கிறது அக்கா.

ரேவதி அக்கா: பென்டிரைவில் கொடு

பெரியம்மா: நீல நிறப் பென்டிரைவ், சேகர். மூடி இருக்காது. நன்றாகத் தேடிப் பார்.