கட்டார் ஒபிஸ் கிளார்க் வேலை, பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 800 ரியால் எண்டு போட்டிருக்கு. இது சரியோ?

கரடிப்போக்கு அக்கா:

வணக்கம். நான் கிளிநொச்சி. தம்பியின்ர அலுவலாக் கேக்கிறன். வெளிநாட்டில கொம்பனி விசாவில கிளார்க் வேலை செய்தவை ஆராவது இருந்தா தயவுசெய்து சொல்லுங்கோ.

தம்பிக்கு 24 வயசு, ஏ/எல் கொமர்ஸ், கொம்பியூட்டர் கோர்ஸும் முடிச்சவன். இப்ப ரவுணுக்குள்ள ஒரு ஹாட்வெயார் கடையில பில் போடுறது, ஸ்டொக் பாக்கிறது, கணக்கு எழுதிறது எல்லாம் அவன்தான், மாதம் 35,000 குடுக்கினம். போன மாசம் தெரிஞ்ச ஒரு ஆளுக்கால ஒரு ஏஜென்ட் வந்து கட்டாருக்கு ஒபிஸ் கிளார்க் வேலை இருக்கு, ரெண்டு வருச கொன்ட்ராக்ட், 1500 ரியால் எண்டு சொன்னார். இப்ப வட்சப்பில ஒரு கடிதம் போட்டிருக்கிறார், அதில பேசிக் 800, மற்ற அலவன்ஸ் 700, மொத்தம் 1500 எண்டு இருக்கு. தங்க இடம் கொம்பனி குடுக்குமாம், சாப்பாடு சொந்தச் செலவு. வேலை காலமை எட்டில இருந்து பின்னேரம் ஏழு மட்டும், இடையில ஒரு மணித்தியாலம் சாப்பாட்டு நேரம், கிழமைக்கு ஆறு நாள். ஓவர்டைம் கேட்டதுக்கு அதெல்லாம் 1500க்குள்ள அடங்கும் எண்டுட்டார்.

காசு நாலரை லட்சம் கேக்கிறார். அம்மா தன்ர சங்கிலியையும் காப்பையும் பாங்கில அடைவு வைக்க ரெடியா நிக்கிறா, மிச்சத்துக்கு மாமாட்டக் கேக்கப்போறா. அந்த ரெண்டு நகையும் 2009க்குப் பிறகு வெறுங்கையோட வந்து கோழி வளத்து சீட்டுக் கட்டித் திரும்பச் சேத்தது, அதாலதான் எனக்கு மனசு ஒத்துக்கொள்ளுதில்ல.

கட்டாரில ஆகக் குறைஞ்ச சம்பளத்துக்கு சட்டம் இருக்கெண்டு கேள்விப்பட்டன். கிளார்க்குக்கு அது எவ்வளவு? பேசிக் 800 போடலாமோ? மொத்தம் 1500 வந்தாக் காணும்தானே அக்கா எண்டு தம்பி சொல்லுறான்.

பாலிநகர்:

தங்கச்சி, இப்பிடிச் சட்டம் பாத்துக்கொண்டிருந்தா ஒரு இடமும் போகேலாது. 1500 ரியால் எண்டா எங்கட காசுக்கு லட்சத்து இருபதாயிரம் கிட்ட வருது. இஞ்ச சட்டப்படி ஆகக் குறைஞ்ச சம்பளமே 2025 ஏப்ரல்ல 27,000 ஆக்கி 2026 ஜனவரியிலதான் 30,000 ஆனது, தம்பி அதுக்குக் கொஞ்சம் மேல எடுக்கிறான், அவ்வளவுதான். வயசில போய் நாலு காசு பாக்கட்டும். பேசிக் எண்டா என்ன அலவன்ஸ் எண்டா என்ன, கையில வாறது ஒண்டுதானே.

டோஹா முறிகண்டி:

இல்லை அண்ணை, கையில வாறது ஒண்டில்லை, அதைத்தான் நான் எழுத வந்தனான். நான் 2019ல இருந்து நாலு வருசம் டோஹாவில ஒரு கட்டுமானக் கொம்பனியில டொக்கியுமென்ட் கொன்ட்ரோலரா இருந்தனான், அதுவும் கிளார்க் வேலைதான், சைட்டில இருந்து வாற ட்ரோயிங், கடிதங்கள் எல்லாத்துக்கும் நம்பர் போட்டு பைல் பண்ணுறது.

முதல்ல அக்காவின்ர கேள்விக்கு. கட்டாரில கிளார்க்குக்கெண்டு தனி மினிமம் கிடையாது. 2020ல 17ஆம் நம்பர் சட்டம் கொண்டுவந்து 2021 மார்ச் 20ல இருந்து நடைமுறைப்படுத்தினவை. கிளார்க், கிளீனர், ட்ரைவர், வீட்டு வேலை, எந்த நாட்டுக்காரன் எண்டாலும் ஒரே கணக்குத்தான். பேசிக் 1000 ரியாலுக்குக் குறையேலாது. தங்க இடம் குடுக்காட்டி அதுக்கு மேல 500, சாப்பாடு குடுக்காட்டி 300. உங்கட தம்பிக்கு இடம் இருக்கு சாப்பாடு இல்லை, அப்ப 1000மும் 300மும் சேத்து 1300. மொத்தம் 1500 எண்டு பாக்கேக்க சட்டத்துக்கு மேல நிக்கிறமாதிரித் தெரியும், தம்பி அதைத்தான் சொல்லுறான். ஆனா பேசிக் 800 எண்ட இடத்திலயே அது பிழைச்சுப்போச்சு. அலவன்ஸைக் கூட்டிக் காட்டி அந்த 200ஐ மறைக்கேலாது.

பேசிக்கைப் பற்றி ஏன் இவ்வளவு கதைக்கிறன் எண்டா ஓவர்டைம், வேலை முடிச்சு வரேக்க குடுக்கிற கிராட்டுவிட்டி, ரெண்டையும் பேசிக்கிலதான் கணக்குப் பாக்கிறவை. எனக்கே நடந்தது. நான் போகேக்க பேசிக் 800, சாப்பாடு 300, மற்றது 200, மொத்தம் 1300. சட்டம் வந்த அடுத்த மாசம் சம்பளச் சீட்டைப் பாத்தா பேசிக் 1000, சாப்பாடு 300, மற்றது எண்ட இடத்தில சைபர். மொத்தம் அதே 1300. ரூமில இருந்த பெடியள் எல்லாம் எங்களை ஏமாத்திப்போட்டாங்கள் எண்டு கத்தினாங்கள். நான் ஒபிசில இருந்தபடியா கல்குலேட்டரை எடுத்துப் பாத்தன். 26 நாளால, 8 மணித்தியாலத்தால பிரிச்சா பேசிக் 800க்கு ஒரு மணித்தியாலம் 3.85 ரியால், 1000க்கு 4.81. ஓவர்டைம் எண்டா ஆகக் குறைஞ்சது 25 வீதம் கூடக் குடுக்கவேணும், அப்ப 4.81 ஆ இருந்த ஓவர்டைம் 6.01 ஆகுது. கிராட்டுவிட்டி வருசத்துக்கு மூண்டு கிழமைப் பேசிக், 800க்கு 560 ரியால், 1000க்கு 700. மொத்தம் ஒரு சதமும் கூடாமலே எனக்குக் காசு கூடினது.

இப்ப தம்பியின்ர கணக்கைப் போடுவம். எட்டில இருந்து ஏழு, சாப்பாட்டு நேரத்தைக் கழிச்சா பத்து மணித்தியாலம் வேலை. அங்க சட்டம் ஒரு நாளைக்கு 8, கிழமைக்கு 48, நோன்பு மாசத்தில ஒரு நாளைக்கு 6. அப்ப ஒவ்வொரு நாளும் ரெண்டு மணித்தியாலம் ஓவர்டைம், 26 நாளைக்கு 52 மணித்தியாலம். 52ஐ 6.01ஆல பெருக்கினா 312 ரியால். 1300ஓட கூட்டுங்கோ, 1612. சில கொம்பனி 26க்குப் பதிலா 30 நாளால பிரிக்கிறவை, அப்பிடிப் பிரிச்சாலும் ஓவர்டைம் 270 கிட்ட வரும், மொத்தம் 1570. எந்தப் பக்கத்தால பாத்தாலும் அந்த ஏஜென்ட் சொல்லுற 1500 சட்டம் சொல்லுற ஆகக் குறைஞ்ச சம்பளத்துக்குக் கீழ. கிளார்க் எண்ட பேருக்குத் தாற கூடின சம்பளம் அதில ஒரு ரியாலும் இல்லை.

நாலரை லட்சக் கதைக்கு வாறன். சாப்பாட்டுக்கும் போனுக்கும் போக மாசம் 900 ரியால் அனுப்பினான் எண்டு வையுங்கோ, 72,000 ரூபா. ஆறு மாசத்துக்கு மேல அவன் உழைக்கிறது முழுக்க ஏஜென்டுக்கு, அடைவு வட்டி வேற. கட்டார் தொழில் சட்டத்திலயே ஆள் எடுத்துக் குடுக்கிற ஏஜென்சி தொழிலாளியிட்டக் காசு வாங்கக்கூடாதெண்டு இருக்கு, அதை மறக்கவேண்டாம்.

கரடிப்போக்கு அக்கா:

அண்ணை இவ்வளவு விளக்கமா எழுதினதுக்குக் கோடி நன்றி. தம்பிட்டக் காட்டினன், அவனே பேப்பரை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டுப் பாத்திட்டுப் பேசாமல் இருக்கிறான். இன்னொரு விசயம், ஏஜென்ட் சொல்லுறார் இது சும்மா கடிதம், உண்மையான கொன்ட்ராக்ட் அங்க போய் இறங்கினாப் பிறகுதான் சைன் வைக்கிறது எண்டு. அது உண்மையோ?

ஒட்டுசுட்டான் ஆள்:

அது பச்சைப் பொய் அக்கா. கட்டாருக்கு வேலை விசா எண்டா கொழும்பில கட்டார் விசா சென்டருக்குப் போகவேணும், 2018ல இருந்து அப்பிடித்தான். கைரேகை, மெடிக்கல், கொன்ட்ராக்ட் சைன் எல்லாம் அங்கதான். என்ர மச்சான் போன வருசம் போனவன், நான் கூடப் போனனான். உள்ள போய் ஸ்கிரீனில காட்டேக்க ஏஜென்ட் சொன்ன சம்பளம் இல்லை எண்டா, வேலையின்ர பேர் வேற மாதிரி இருந்தா, சைன் வைக்காமல் எழும்பி வரலாம். வெளியில ஏஜென்ட் நிண்டு ஒண்டும் கேக்காதை, சைனை வைச்சிட்டு வா எண்டு சொல்லுவான், எங்களுக்கும் சொன்னவன். மச்சானுக்கு வாய்ச்சொல்லில ஒபிஸ் வேலை, ஸ்கிரீனில லேபர் எண்டு இருந்தது. அவன் சைன் வைச்சிட்டு வந்திட்டான், இப்ப சாமான் தூக்குறான். அது எனக்கு இண்டைக்கும் நெஞ்சுக்க கிடக்கு, நானும் வாசலில நிண்டனான்தானே.

நீங்கள் முதல்ல செய்யவேண்டியது, ஏஜென்சியின்ர பேரையும் லைசென்ஸ் நம்பரையும் கேளுங்கோ. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர இணையத்தளத்தில லைசென்ஸ் இருக்கிற ஏஜென்சியளின்ர பட்டியல் இருக்கு, 1989க்கு அடிச்சும் கேக்கலாம். பிரதேச செயலகத்தில வெளிநாட்டு வேலைக்கெண்டே ஒரு உத்தியோகத்தர் இருப்பார், கடிதத்தின்ர பிரிண்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. லைசென்ஸ் இருக்கிற ஏஜென்சியெண்டாலும் பணியகம் அனுமதிச்சதுக்கு மேல வாங்கேலாது, வாங்கிற காசுக்கு ரிசீட் தரவேணும். இவர் ரிசீட் தருவாரோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. பணியகத்தில பதியாமல் மட்டும் அனுப்பிடாதேங்கோ, பிறகு அங்க ஏதும் நடந்தா இன்சூரன்சும் இல்லை, ஒண்டும் இல்லை.

நெடுங்கேணி:

இதுக்குள்ளயே நானும் ஒண்டு கேக்கட்டோ. என்ர மச்சாளுக்கு லண்டனில ஒரு கடையின்ர ஒபிசில கிளார்க் வேலை, ஸ்பொன்சர் எடுத்துத் தாறம் எண்டு 65 லட்சம் கேக்கினம். சம்பளம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுண், அது அரசாங்கம் வைச்ச மினிமம், எல்லாம் சட்டப்படி எண்டு சொல்லுகினம். மாமா பரந்தனில இருக்கிற காணியை விக்கக் கதைச்சுக்கொண்டிருக்கிறார்.

லண்டன் வட்டக்கச்சி:

காணியை விக்கவேண்டாமெண்டு மாமாட்ட இண்டைக்கே சொல்லுங்கோ, பிறகு மிச்சத்தை வாசியுங்கோ.

12.21 எண்டது 2025 ஏப்ரல்ல இருந்து இஞ்ச எல்லாருக்கும் உள்ள மினிமம், 21 வயசில இருந்து. 2026 ஏப்ரல்ல இருந்து 12.71. இஞ்ச ஏற்கெனவே வேலை செய்ய உரிமை உள்ள ஆக்களுக்குத்தான் அந்தக் கணக்குப் போதும். ஸ்பொன்சர் பண்ணி ஆள் எடுக்கிறதெண்டா அது வேற கணக்கு. ஸ்கில்ட் வேர்க்கர் விசாவுக்கு 2024 ஏப்ரல்ல சம்பளத்தை 38,700 பவுண் ஆக்கினவை, 2025 ஜூலை 22ல இருந்து பொதுவா வருசத்துக்கு 41,700, அந்த வேலைக்கெண்டு வைச்ச சம்பளம் அதைவிடக் கூட எண்டா அதுதான். மணித்தியாலம் 12.21க்கு கிழமைக்கு முப்பத்தேழரை மணித்தியாலம் வருசம் முழுக்கச் செய்தாலும் 23,800தான் வரும். 41,700 எங்க, 23,800 எங்க. ஒரு கடைக்காரன் பில் போடுற பிள்ளைக்கு 41,700 குடுப்பானோ?

அதோட அதே ஜூலையில வேலைத் தரத்தையும் டிகிரி மட்டத்துக்கு உயர்த்திப்போட்டினம். டிகிரிக்குக் கீழ உள்ள வேலையளுக்கு அரசாங்கம் வைச்ச பட்டியலில வேலையின்ர பேர் இருந்தாத்தான் புதுசா வெளியில இருந்து வரலாம், அப்பிடி வந்தாலும் மனுசன் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரேலாது. கடையில சாதாரண கிளார்க், ரிசெப்ஷன், டேட்டா என்ட்ரி எண்டு கேக்கிற கதையளை நம்பாதேங்கோ. சிஓஎஸ் எண்டு சொல்லுற ஸ்பொன்சர் சான்றிதழுக்கும் ஸ்பொன்சர் லைசென்சுக்கும் கொம்பனி கட்டின காசைத் தொழிலாளியிட்டத் திருப்பி வாங்கவே கூடாது. லைசென்ஸ் உள்ள கொம்பனியளின்ர பட்டியல் அரசாங்கத்தின்ர தளத்தில எல்லாரும் பாக்கலாம், கடையின்ர பேர் இருக்கோ பாருங்கோ, ஆனா பேர் இருந்தாலும் அந்த 65 லட்சம் சரியாகாது. இஞ்ச எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை இப்பிடிக் காசைக் கட்டி வந்து, பேப்பரில ஒரு சம்பளம், பாங்கில போட்டதில பாதியைக் கையில திருப்பி வாங்கிற முதலாளி, கடைசியில கொம்பனியின்ர லைசென்சைப் பறிச்சவுடன விசாவுக்கு 60 நாள் தவணைக் கடிதம் வந்தது. அவ சமையலறையில நிண்டு அந்தக் கடிதத்தை என்னட்ட வாசிக்கத் தந்தவா, கை நடுங்கிக்கொண்டு இருந்தது.

பாலிநகர்:

டோஹா தம்பி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிறன். ஓவர்டைம் கணக்கை நான் யோசிக்கேல்ல. எங்கட அண்ணன்ர பெடியனும் அங்கதான் இருக்கிறான், அவன்ர சம்பளச் சீட்டை அனுப்பச் சொல்லியிருக்கிறன். பேசிக் குறைவா இருந்தா இப்ப அவன் என்ன செய்யலாம்?

டோஹா முறிகண்டி:

அண்ணை, சம்பளம் பாங்குக்கால போகவேணும், தவணைக்கு ஏழு நாளுக்குள்ள, அதால பாங்க் மெசேஜ் எல்லாத்தையும் அழிக்காமல் வைச்சிருக்கச் சொல்லுங்கோ. விரல் வைக்கிற மெசினில வந்த நேரம், போன நேரம், டைம் ஷீட், கொன்ட்ராக்ட், எல்லாத்தையும் போனில படம் எடுத்து வீட்டுக்கும் ஒரு கொப்பி அனுப்பச் சொல்லுங்கோ. பிறகு தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு போடலாம், சரிவராட்டி தொழில் தகராறுக் குழுவுக்குப் போகும். எங்கட ரூம் பெடியன் ஒருத்தனுக்கு ஏழு மாச ஓவர்டைம் திரும்பக் கிடைச்சது அந்தப் படங்களாலதான். இன்னொண்டு, 2020க்குப் பிறகு முதலாளியின்ர என்ஓசி (சம்மதக் கடிதம்) இல்லாமலே வேற கொம்பனிக்கு மாறலாம், ரெண்டு வருசத்துக்குள்ள எண்டா ஒரு மாச நோட்டீஸ், அதுக்குப் பிறகு ரெண்டு மாசம். சும்மா கோவத்தில வேலையை விட்டிட்டு வெளிக்கிடவேண்டாமெண்டு சொல்லுங்கோ, ஓடிப்போனான் எண்டு கேஸ் போட்டா அதுக்குப் பிறகு சரியான கஸ்டம்.

கரடிப்போக்கு அக்கா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஏஜென்டுக்கு ஸ்பீக்கரில போட்டுக் கதைச்சம். லைசென்ஸ் நம்பர் என்ன, பேசிக் 1000 போடுவீங்களோ, காசுக்கு ரிசீட் தருவீங்களோ எண்டு தம்பியே கேட்டான். முதல்ல இப்பிடிக் கேள்வி கேக்கிற ஆக்களுக்கு விசா இல்லை எண்டு கட் பண்ணிட்டார். ராத்திரி அவரே எடுத்து பேசிக்கை 1000 ஆக்கித் தாறன், காசு நாலு லட்சம் தாங்கோ எண்டார். ரிசீட்டைப் பற்றி வாயே திறக்கேல்ல. இண்டைக்குப் பிரதேச செயலகத்துக்குப் போனம், அவர் சொன்ன ஏஜென்சிப் பேர் பட்டியலிலயே இல்லை. ஏஜென்டிட்டக் குடுத்திருந்த பாஸ்போட்டை பின்னேரம் மாமா போய்த் திருப்பி வாங்கிக்கொண்டு வந்திட்டார்.

தம்பி வெளிநாடு போற எண்ணத்தை விடேல்ல, அது அவன்ர விருப்பம். டோஹா அண்ணை, உங்களை மாதிரி டொக்கியுமென்ட் கொன்ட்ரோலர் வேலை நேரா கொம்பனிக்கே போட்டு எடுக்கலாமெண்டா அவன் என்ன படிக்கவேணும்?

டோஹா முறிகண்டி:

எக்செல்லை வடிவாப் படிக்கச் சொல்லுங்கோ, பிவொட் டேபிள், விலுக்அப் ரெண்டும் கை தானாச் செய்யவேணும். ஹாட்வெயார் கடையில ஸ்டொக் பாத்தவன் எண்டது நல்லது, கட்டுமானக் கொம்பனி ஸ்டோர் கிளார்க் வேலைக்கு சாமான்ர பேரெல்லாம் தெரிஞ்ச ஆளைத்தான் தேடுவினம். இங்கிலிஷில ஈமெயில் எழுதப் பழகட்டும். சிவியை எனக்கு மெசேஜில அனுப்புங்கோ, திருத்தித் தாறன். கடையில இருந்து ஒரு சேவிஸ் லெட்டரும் எடுத்து வையுங்கோ.