அத்தைக்கும் மகளுக்கும் எனக்கும் பிறப்புறுப்பைக் கழுவ ஒரே வாஷ் ஒத்து வருமா?

கோவில்பட்டி மருமகள்:
வீட்டில் பெண்கள் மூன்று பேர். அத்தைக்கு 66, எனக்கு 41, மகளுக்கு 9. இன்னும் பெரிய மனுஷி ஆகவில்லை. இரண்டு மாதமாக அத்தை குளியலறைக்குள் போனால் வெளியே வர அரை மணி நேரம் ஆகிறது. வெந்நீரில் கிருமிநாசினி கலந்து பிறப்புறுப்பைக் கழுவுகிறார் என்பதை வாடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கேட்டால், "அரிக்குது, வயசானா அப்படித்தான். நீ போய் வேலையைப் பாரு" என்கிறார். சர்க்கரைக்குப் பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். சரி, நல்லதாக ஒன்று இருக்கட்டும் என்று மருந்துக்கடையில் லாக்டிக் அமிலம் சேர்த்த வாஷ் வாங்கி வைத்தேன். அதை மகள் எடுத்துத் தேய்த்துக்கொண்டு, ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுகிறாள். ஆளுக்கு ஒன்று தனித்தனியாக வாங்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
ஒன்றுமே வாங்க வேண்டாம் தோழி. இந்த விஷயத்தில் பாட்டியும் பேத்தியும் ஒரு கட்சி, நீங்கள்தான் தனிக்கட்சி. மாதவிடாய் வரும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருப்பதால் உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா வளரும். அது தரும் அமிலத்தால் பிஎச் (எண் குறைந்தால் அமிலம் அதிகம் என்று காட்டும் அளவு) 3.8 முதல் 4.5 வரை இருக்கும், கெட்ட கிருமி அவ்வளவு சுலபமாகத் தலையெடுக்காது. தயிரிலும் இந்த இனம் உண்டு. அதற்காகத் தயிரை எடுத்துத் தடவிவிடாதீர்கள், அப்படி ஒருவர் செய்துவிட்டு எங்கள் வார்டுக்கே வந்தார்!

வயதுக்கு வராத பெண்ணுக்கும் மாதவிடாய் நின்றவருக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவு. தோல் மெலிசு, அமிலமும் குறைவு. சோப்பு, வாசனை வாஷ் எதைப் போட்டாலும் எரியும். வெளிப்பகுதிக்கு வெறும் தண்ணீர் போதும். உள்ளே விட்டுக் கழுவுவது யாருக்குமே கூடாது. மகளுக்கு முன்னாலிருந்து பின்னால் கழுவச் சொல்லிக் கொடுங்கள். வாஷை நிறுத்தியும் இரண்டு மூன்று நாளில் எரிச்சல் போகாவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். உங்களுக்கு, அந்த நாட்களில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் நாப்கினை மாற்றினால் சரி.

அத்தையின் அரிப்பு வயதால் மட்டும் வந்தது என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை ஏறினால் பூஞ்சைத் தொற்று வரும். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள் சில உண்டு: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு அதிகம். மாத்திரை அட்டையைப் பாருங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது.

வேப்பமரத்தடி:
எங்கள் ஆச்சி வேப்பிலை கொதிக்கவைத்த தண்ணீரில்தான் கழுவச் சொல்வார். ஒரு செலவும் இல்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
ஆச்சிக்கு ஒத்துக்கொண்டிருக்கலாம். ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் இடத்தில் ஊற்ற வேண்டாம், அதுவும் கொதிக்கக் கொதிக்க.

அறுபதைத் தாண்டியவள்:
உங்கள் அத்தை வயதுதான் எனக்கும். எங்கள் காலத்தில் தூரத்துணியை வெயிலில் காயப்போட விட மாட்டார்கள். கதவுக்குப் பின்னால், மற்ற துணிக்கு அடியில், ஈரம் போகாமலேயே கிடக்கும். அதையேதான் மறுபடி எடுத்து வைத்துக்கொள்வோம். அப்படி வளர்ந்தவர் மருமகளிடம் வாயைத் திறப்பாரா? எனக்கு வறட்சியும் நீர்க்கடுப்பும் மாறி மாறி வந்தன. மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் பெண் டாக்டரிடம் போனேன். உள்ளே வைக்கிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதிக் கொடுத்தார். இதற்கா மூன்று வருடம் என்று என் மேலேயே கோபம் வந்தது. இன்னொன்று, மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். அதை அத்தையிடம் தனியாகக் கேளுங்கள். நேராகக் கேட்டால் மழுப்புவார். சர்க்கரை டெஸ்டுக்குப் போகலாம் என்று கிளப்பிக்கொண்டு போய், வழியில் பேச்சுக் கொடுங்கள்.

கோவில்பட்டி மருமகள்:
அட்டையைப் பார்த்தேன் அக்கா. டாபா என்றுதான் தொடங்குகிறது. ஆடி மாதம் மாற்றிக் கொடுத்தார்களாம், அரிப்பும் அதற்கப்புறம்தான். ரத்தம் எதுவும் படவில்லை என்றார். மகளுக்கு வாஷை நிறுத்திய மறுநாளே எரிச்சல் போய்விட்டது. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகிறோம். அத்தை இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார்: லேடி டாக்டராக இருக்க வேண்டும், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.