பாண்டிக்கு ஒரு நாள்: கடற்கரையை விடுங்க, பெரிய மார்க்கெட்டுக்குப் போங்க

காட்பாடியிலிருந்து:

நம்ம பக்கத்து ஜனங்க பாண்டிச்சேரி போனா கடற்கரை, மணக்குள விநாயகர், ஒரு ஓட்டல் சாப்பாடு, ராத்திரி பஸ். எங்க வீட்டிலும் இதே வழக்கம்தான். இந்த முறை அம்மா பிடிவாதமா நின்னுட்டாங்க. "கடல் எங்கியும் போயிடாது. மார்க்கெட்டுக்கு லேட்டா போனா நல்ல மீனு இருக்காது." இருட்டோட வேலூர்ல பஸ் ஏறி ஆரணி, சேத்துப்பட்டு தாண்டி, செஞ்சிக் கோட்டை தெரியும்போது நல்லா விடிஞ்சிருந்தது. அப்புறம் திண்டிவனம், பாண்டி.

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவுல இருக்கு மார்க்கெட். 1963-இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேர் பேர்ல குபேர் அங்காடின்னு பலகை. ஆட்டோக்காரர்கிட்ட "பெரிய மார்க்கெட்"னு சொன்னா போதும். உள்ளே ஒருத்தர் நின்னா இன்னொருத்தர் போக முடியாத சந்துகள். பூ, காய், மளிகை, கருவாடு எல்லாம் தாண்டித்தான் மீன்.

நமக்கு வேலூர்ல கடல் மீன்னா ஐஸ் பெட்டியில வந்து இறங்குறதுதான். ஏரி கெண்டையும் விராலும் அம்மாவுக்கு அத்துப்படி, கடல் மீன்ல கொஞ்சம் தயக்கம். கவலை மீனைக் கூறு கட்டி வெச்சிருந்த ஒரு வயசான அம்மாகிட்ட விலை கேட்டாங்க.

"எந்த ஊரும்மா?"

"வேலூரு."

"சி.எம்.சி. ஊரா? எங்க வூட்டுக்காரருக்கு அங்கதான் ஆபரேஷன் ஆச்சு. இந்தக் கவல உனக்கு வாணாம்மா. நாலு மணி நேரம் பஸ்ல போவணும், வயிறு வெடிச்சி கொழகொழன்னு ஆயிடும். மத்தியும் அப்படித்தான். அதோ அந்தப் பொண்ணுகிட்ட வஞ்சிரம் இருக்கு, செவுளத் தூக்கிப் பாத்து வாங்கு."

தன் கடையில வாங்க வந்தவளை அடுத்த கடைக்கு அனுப்பின வியாபாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. அதோட விடலை. "கொடல எடுக்கச் சொல்லு. துண்டு போட வாணாம், முழுசா ஐஸ்ல வெச்சிக்கினு போ. வூட்டுல போயி நறுக்கிக்கோ." மீன் விக்கிறவங்க வேற, அரிவாள்மனை போட்டு ஆய்ஞ்சு குடுக்கிறவங்க வேற, அவங்களுக்குக் கூலி தனி. முதல்லயே பேசிக்கிறது நல்லது.

வெளியே வர்ற வழியில காய்கறிக் கடை. "வாம்மா, வேலூர் முள்ளு கத்தரி!"னு ஒரு தம்பி கூவினான். அம்மா நின்னுட்டாங்க. அவங்க பொறந்த ஊர் அணைக்கட்டுப் பக்கம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயைச் சின்ன வயசுல தோட்டத்துல பறிச்சவங்க. ஒரு காயை எடுத்துக் காம்பைத் தடவிப் பார்த்தாங்க.

"முள்ளு இன்னாப்பா காணோம்?"

"பஸ்ஸுல வரும்போது உதிர்ந்துடுச்சும்மா."

அந்தப் பதிலுக்காகவே அரை கிலோ வாங்கினாங்க. குழம்பு சுமார்தான்.

ஆற்காட்டிலிருந்து:

மார்க்கெட் வரைக்கும் போனவங்க, பக்கத்துலயே இருக்கிற ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டை வெளியில இருந்தாவது பார்த்துட்டு வாங்க. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவர், 1736-இலிருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினவர். எங்க ஊருக்கும் அந்த ஊருக்கும் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. 1740-இல் மராட்டியர் சண்டையில எங்க நவாப் தோஸ்த் அலி செத்தப்போ, அவர் குடும்பத்துப் பெண்கள் அடைக்கலம் தேடிப் போனது பாண்டிச்சேரிக்குத்தான். நான் அங்க இருந்த ஒரு புத்தகக் கடைக்காரர்கிட்ட ஆற்காடுன்னு சொன்னதும் இதைத்தான் பேசப்போறார்னு நினைச்சேன். "உங்க ஊர் மக்கன் பேடா கொண்டாந்தீங்களா?"ன்னார்.

ஆரணியிலிருந்து:

மீன் வாங்குறது சுலபம், பஸ்ல கொண்டு வர்றதுதான் பாடு. தெர்மாகோல் பெட்டியில ஐஸ் போட்டு, டேப் சுத்தி, அதுக்கு மேல கோணிப்பை போட்டுத்தான் ஏறினேன். திண்டிவனத்துக்கு முன்னாடியே ஐஸ் தண்ணி கசிய ஆரம்பிச்சுது. கண்டக்டர் வந்து நின்னார். "இன்னாங்க இது, நாத்தம் தாங்கல. பெட்டிக்கு லக்கேஜ் போடட்டுமா, எறங்குறீங்களா?" பக்கத்து சீட்டுப் பெரியவர் முந்திக்கிட்டு, "இன்னா மீனுன்னு கேளுப்பா மொதல்ல"ன்னார். சங்கரான்னு சொன்னேன். கண்டக்டர் முகம் மாறிடுச்சு. என்ன விலை, எந்தக் கடை, குழம்பா வறுவலான்னு செஞ்சி வரைக்கும் அதே பேச்சு. லக்கேஜ் டிக்கெட்டை மட்டும் மறக்காமல் கிழிச்சுக் குடுத்துட்டார்.

பெட்டிக்கு அடியில ஒரு பழைய பிளாஸ்டிக் டப் வெச்சுக்குங்க. வேற வழியில்லை.

குடியாத்தத்திலிருந்து:

கோடை லீவுல பிள்ளைங்களோட போறவங்க ஒண்ணு கவனிக்கணும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற காலம்னு விசைப்படகு எதுவும் கடலுக்குள்ள போகாது. நாங்க மே மாசம் போனப்போ ஃபைபர் படகுக்காரங்க கொண்டு வந்த நெத்திலியும் நண்டும்தான் கண்ணுல பட்டது, விலையும் ஏறிக் கெடந்தது. பேரம் பேசின என் வீட்டுக்காரியைப் பார்த்து மீன்காரம்மா, "லாஞ்செல்லாம் கரையில கெடக்குது, நீ போயி புடிச்சிக்கினு வா, நான் அம்பது ரூபா கொறச்சி வாங்கிக்கிறேன்"னாங்க. என் வீட்டுக்காரி சிரிச்சுட்டு, கேட்ட விலையையே குடுத்துட்டா.

சத்துவாச்சாரியிலிருந்து:

ஞாயித்துக்கிழமை போகலாமா? மத்த நாள் லீவு கிடைக்காது.

காட்பாடியிலிருந்து:

போகலாம். ஆனா அன்னைக்கு காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட் கடை போட்டிருப்பாங்க, துணியும் செருப்புமா. நடக்கவே இடம் இருக்காது. கார்ல போறதா இருந்தா தூரத்துல நிறுத்திட்டு நடங்க. மீனைக் கடைசியா வாங்குங்க, கையில வெச்சுக்கிட்டு கடற்கரையைச் சுத்தாதீங்க. அந்த வயசானம்மா கூறு கட்டி உட்கார்ந்திருந்தா, எங்க அம்மா கேட்டதா சொல்லுங்க.