பள்ளியை மூடுகிறார்களாமே

அத்தை: நம் பள்ளியை மூடப் போகிறார்களாம். யாருக்காவது தெரியுமா?

நான்: யார் சொன்னது?

அத்தை: ஃபார்வர்ட் வந்தது. நாலு குழுவில் பார்த்துவிட்டேன்.

சித்தப்பா: நாலு குழுவில் வந்தால் உண்மையாகிவிடுமா

குட்டி: மூடவில்லை அத்தை. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவை ஒன்றாக்கிவிட்டார்கள். பெஞ்சுக்கு ஐந்து பேர்.

பெரியப்பா: விளக்கமாகச் சொல்கிறேன். பள்ளியை யாரும் ஒரே நாளில் மூடுவதில்லை. பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் இடங்கள் குறையும். இயற்பியல் ஆசிரியர் போனால் கணக்கு ஆசிரியர் தலையில் அதையும் கட்டுவார்கள். 'அங்கே இயற்பியலுக்கு ஆள் இல்லை' என்று பேச்சு கிளம்பும். வசதி உள்ளவர்கள் டிசி வாங்கிக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் இன்னும் குறையும். மீதி வேலையை இந்த ஃபார்வர்டு பார்த்துக்கொள்ளும்.

சித்தப்பா: வசதி உள்ளவர்கள் என்றால் என்னைத்தானே அண்ணா

பெரியப்பா: பொதுவாகச் சொன்னேன்.

சித்தப்பா: பொதுவாக. சரி.

அத்தை: ஆரம்பித்துவிட்டார்கள் 🙄

குட்டியின் அம்மா: நானும் டிசி கேட்கலாமா என்று யோசிக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் வருவதே இல்லையாம்.

குட்டி: அம்மா!!

பெரியப்பா: வராமல் இருப்பதுதான் பெரிய நோய். ஆண்டுக்கு 180 வேலை நாள் என்று வைத்துக்கொள். 18 நாள் போனாலே 10 சதவீதம். மாதத்துக்கு இரண்டே நாள். விட்டு விட்டுப் போவதால் யார் கண்ணிலும் படாது. ஆண்டு முடிவில் பார்த்தால் பாடத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணோம்.

குட்டி: என் பக்கத்து பெஞ்ச் பையன் இரவு 11 மணி வரை பார்சல் கட்டும் வேலை பார்க்கிறான். முன்பெல்லாம் தாமதமாக வந்தால் கேட்டோடு திருப்பி அனுப்புவார்கள். அவனும் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவான். இப்போது கணக்கு சார் கேட்டிலேயே நிற்கிறார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்புகிறார். திட்டுவது அப்புறம்தான்.

நான்: இன்னும் அதே சாரா?

குட்டி: அதே சார். அதே குடை.

பெரியப்பா: இன்னொன்று. வளரும் வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும். 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே, இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் காலை 8.30-க்கு முன் வகுப்பு வேண்டாம் என்றது.

குட்டி: பார்த்தீர்களா அம்மா

குட்டியின் அம்மா: மாமா, தயவுசெய்து இதையெல்லாம் குழுவில் போடாதீர்கள்.

சித்தப்பா: 😂😂

அத்தை: அந்த வாசிப்பு விஷயத்தையும் சொல் குட்டி.

குட்டி: மதிய இடைவேளையில் நாங்கள் ஆறு பேர் நூலகத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தருகிறோம். என்னிடம் இருப்பவன் விரல் வைத்து எழுத்துக் கூட்டுவான். போன வாரம் ஒரு பக்கத்தை நிற்காமல் படித்துவிட்டான். புத்தகத்தை மூடப் போனேன். தள்ளிவிட்டு, அதே பக்கத்தை மறுபடியும் படித்தான்.

அத்தை: ❤️

சித்தப்பா: நல்லதுதான். ஆனால் உனக்கு இயற்பியல் யார் நடத்துகிறார்கள்?

குட்டி: கணக்கு சார்

சித்தப்பா: அதைத்தான் கேட்டேன்.

குட்டி: இன்னொரு பிள்ளை தப்புத் தப்பாகவே எழுதுவாள். மக்கு என்று நினைத்தோம். கண் பரிசோதித்தார்கள், பலகையே தெரியவில்லையாம். கண்ணாடி போட்டதிலிருந்து நான் அவளைப் பார்த்து எழுதுகிறேன்.

அத்தை: கண்ணாடி என்றதும் ஞாபகம் வந்தது. அண்ணா, உங்கள் கண்ணாடியை யார் வீட்டில் விட்டீர்கள்?

பெரியப்பா: உன் வீட்டில்தான்.

அத்தை: இங்கே இல்லை.

நான்: சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு யார் போகிறீர்கள்?

குட்டியின் அம்மா: எனக்கு வேலை இருக்கிறது. யாராவது போனால் டிசி விஷயத்தை அப்புறம் பார்க்கலாம்.

பெரியப்பா: நான் போகிறேன்.

சித்தப்பா: அண்ணா போனால் கூட்டம் ஞாயிறு வரை நடக்கும்.

பெரியப்பா: அப்படியானால் நீ போ.

அத்தை: தம்பி?

அத்தை: பார்த்துவிட்டான், பதிலைக் காணோம்.

நான்: பெரியப்பா டைப் செய்கிறார். எல்லாரும் உட்காருங்கள்.

பெரியப்பா: அலமாரி மேல் பார்த்தாயா?