மறுமொழி: ‘ஃபவுண்டர் மியூட்டேஷன்’ – நிறுவனர் வேண்டாம், ‘வித்துக்குடி’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நான்கு நாட்களாக இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்று இரவு உட்கார்ந்து மீண்டும் படித்தேன். ஒரு சமூகத்தின் முதல் சிலரிடமிருந்து வழிவழியாகப் பரவிய மரபணுவின் மாற்றத்தைக் குறிக்கும் ‘ஃபவுண்டர் மியூட்டேஷன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வியைத் தொடங்கியவன் நான்தான் என்பதால், இதுவரை வந்த சொற்களை எடைபோட்டு என் முடிவையும் சொல்லிவிடுகிறேன். மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

முதலில் பொருள். நான் தமிழாக்கம் செய்யும் கட்டுரை, சில சிறுபான்மை மக்களிடம் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பரம்பரையாகவே மிகுந்து காணப்படுவது ஏன் என்பதைப் பற்றியது. கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் ஓர் ஏற்பி இருக்கிறது. கொலஸ்ட்ராலைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுப்பது அதன் வேலை. இதைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பிக்கான மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்கு வருகிறது. இரண்டில் ஒன்று பழுதானால் பிறந்ததிலிருந்தே எல்.டி.எல். உயர்ந்திருக்கும், பெரியவர்களில் பெரும்பாலும் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 190 மில்லிகிராமைத் தாண்டும். இரண்டுமே பழுதானால் 500ஐத் தாண்டும். சிகிச்சை இல்லாவிட்டால் பிள்ளைப் பருவத்திலேயே மாரடைப்பு வரக்கூடும். உணவுக் கட்டுப்பாடு மட்டும் இதற்குப் போதாது.

உலக அளவில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த ஒற்றைப் பழுது இருக்கிறது. டச்சு முதலிய ஐரோப்பியக் குடியேறிகளின் வழிவந்த, தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் மக்களிடமோ 70 முதல் 100 பேருக்கு ஒருவர். லித்துவேனியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதர்களின் வழிவந்தவர்களிடம் 67 பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கனடாவின் பிரெஞ்சு மொழிச் சிறுபான்மையினரிடமும் லெபனான் கிறித்தவர்களிடமும் இது மிகுதி. இந்த மிகுதிக்குக் காரணம் சொல்லும் இடத்தில்தான் ‘ஃபவுண்டர்’ என்ற சொல் வருகிறது.

> ‘நிறுவனர் பிறழ்வு’ என்றே போட்டுவிடலாமே, பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஐயா, இந்த இரண்டு சொற்களுமே எனக்கு உறுத்துகின்றன. நிறுவனர் என்றால் திட்டமிட்டு ஒன்றைத் தொடங்கியவர். பள்ளிக்கூடத்துக்கும் கம்பெனிக்கும் நிறுவனர் உண்டு. இங்கே பேசப்படுபவர்கள் எதையும் நிறுவவில்லை. 1652இல் டச்சு நிறுவனம் ஒன்று கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் கொடுப்பதற்காக தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் ஒரு தங்குமிடம் அமைத்தது. அங்கே வந்து சேர்ந்தவர்கள் பிழைக்க வந்தவர்கள். 1688 முதல் பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பிய ஹியூகனாட்டுகள் என்னும் புராட்டஸ்டன்ட் கிறித்தவர்களும் வந்தார்கள். தமக்குள்ளேயே மணம் செய்துகொண்டு, நிறையப் பிள்ளைகள் பெற்று, பல லட்சம் பேராகப் பெருகினார்கள். முதலில் வந்த அந்தச் சிலரில் யாரோ ஒருவர் உடலில் இருந்த ஒரு மாற்றம் அவரோடு சேர்ந்து பெருகியது. நடந்தது அவ்வளவுதான். ஆப்பிரிக்கானரிடையே இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களிடம் மூன்றே மூன்று மாற்றங்கள்தான் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன.

‘பிறழ்வு’ இன்னும் சிக்கல். ஒழுக்கப் பிறழ்வு, பிறழ் சாட்சி என்றெல்லாம் புழங்கும் சொல் அது. ‘நிறுவனர் பிறழ்வு’ என்று படிக்கிறவருக்கு யாரோ பெரியவர் தடம் மாறிப்போனார் என்றுதான் தோன்றும். ஒரு சமூகத்தின் மூதாதையர் மேல் அப்படியொரு நிழல் விழக்கூடாது.

> சுருக்கமாக ‘இன நோய்’ என்றாலே புரிந்துவிடும்.

இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். 70 பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொண்டாலும் மீதி 69 பேரிடம் அது இல்லை. இருப்பது சில குடும்பங்களில்தான். அதை ஓர் இனத்தின் இயல்பு என்று எழுதினால் கணக்கும் தவறு, நியாயமும் தவறு. சிறுபான்மை மக்களைப் பற்றி எழுதும்போது இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

இப்படிச் சிலரிடமிருந்து ஒரு மாற்றம் பெருகுவதைக் குறிக்கும் ‘ஃபவுண்டர் எஃபெக்ட்’ என்பதற்கு ‘முதற்குடி விளைவு’ என்று எழுதிய தோழருக்கு: முதல் நாள் எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது, வரைவில்கூட எழுதிவிட்டேன். பிறகு கனடாவில் பிரெஞ்சு பேசுவோர் மிகுந்த மாகாணமான கியூபெக் பற்றிய பத்திக்கு வந்தபோது இடித்தது. கனடாவைப் பற்றி எழுதும்போது முதற்குடிகள் என்றால் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள். 1608க்குப் பிறகு பிரான்சிலிருந்து வந்து, தங்கி, வழித்தோன்றல்களை விட்டுச்சென்றவர்கள் ஏறத்தாழ 8,500 பேர். அவர்களை முதற்குடி என்றால் உண்மையான முதற்குடிகளை வரலாற்றிலிருந்தே அழித்ததாகிவிடும். தென்னாப்பிரிக்காவுக்கும் இதே சிக்கல்தான். ஆகவே மனமில்லாமல் கைவிட்டேன்.

குழுவில் எழுதும் அம்மாவுக்கு: அடுத்து, நீங்கள் அனுப்பிய ‘விதைநெல் விளைவு’. குவியலிலிருந்து எடுத்துவைத்த கொஞ்சம் நெல்தான் அடுத்த விளைச்சல் முழுவதையும் தீர்மானிக்கிறது. அந்தக் கொஞ்சத்தில் ஒரு கலப்பு மணி இருந்தால் வயலெங்கும் கலப்பு. இந்தக் கருத்தை இதைவிட எளிதாக யாரும் விளக்க முடியாது. கட்டுரையின் அடிக்குறிப்பில் இந்த உவமையை அப்படியே எடுத்துக்கொள்ள உங்கள் அனுமதி வேண்டும். ஆனால் கலைச்சொல்லாக வைக்கத் தயங்குகிறேன். விதைநெல்லை நாம் பொறுக்கி எடுக்கிறோம். நல்ல மணியாகப் பார்த்து எடுக்கிறோம். கப்பலேறியவர்களை யாரும் பொறுக்கி எடுக்கவில்லை. யார் வந்தார்கள், யாருக்குப் பிள்ளை நிலைத்தது என்பதெல்லாம் தற்செயல். இந்தத் தற்செயல்தான் ‘ஃபவுண்டர் எஃபெக்ட்’ என்பதன் உயிர். இயற்கைத் தேர்விலிருந்து இதைப் பிரித்துக்காட்டுவதும் அதுதான்.

உங்கள் மடலிலிருந்து ‘வித்து’ மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. விதைத்தாலும் வித்து, தானாக விழுந்து முளைத்தாலும் வித்து. அதனால் என் பரிந்துரை ‘வித்துக்குடி’. பின்னால் ஒரு பெரிய மக்கள்தொகையாகப் பெருகிய, முதலில் வந்த சிறு கூட்டம் என்று பொருள். ‘வித்துக்குடி விளைவு’ என்னும்போது விளைவு என்ற சொல்லும் பொருந்திவருகிறது. பயனும் விளைவுதான், வித்திலிருந்து விளைவதும் விளைவுதான்.

‘குடி’ என்றால் மதுவை நினைப்பார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கல்லீரலும் கொழுப்பும் பேசும் கட்டுரையில் இந்த ஆபத்து நிஜமாகவே உண்டு. இந்த நோயின் பெயரை முன்பு நான் ‘குடிவழி மிகைக்கொழுப்பு’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த உறவினர் ஒருவர், குடிப்பதால் வருவதா என்று கேட்டார். அன்றே அதை ‘பரம்பரை மிகைக்கொலஸ்ட்ரால்’ என்று மாற்றிவிட்டேன். ‘கொழுப்பு’ என்பதையும் நோய்ப்பெயரில் தவிர்த்தேன். தின்று கொழுத்ததால் வந்தது என்ற பழி பரம்பரை நோயாளி மேல் விழ வேண்டாம். ஆனால் ‘வித்துக்குடி’யில் முன்னால் வித்து நிற்பதால் மது நினைவுக்கு வராது என்று நம்புகிறேன். இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். இருவரும் குடிமக்கள் என்றுதான் புரிந்துகொண்டார்கள்.

இனி ‘மியூட்டேஷன்’. இதில்தான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி கிடைத்தது.

பாடநூலில் படித்த ‘திடீர் மாற்றம்’ இங்கே பொருந்தாது. லித்துவேனிய யூதர்களின் மாற்றம் 14ஆம் நூற்றாண்டு வாக்கில் தோன்றியது என்று கணித்திருக்கிறார்கள். ஏறத்தாழ இருபது தலைமுறை கைமாறி வந்ததைத் திடீர் என்று எப்படிச் சொல்வது? ‘சடுதி மாற்றம்’ என்ற சொல்லுக்கும் இதே பதில். ‘மரபணு மாற்றம்’ என்றாலோ மரபணு மாற்றப்பட்ட கத்தரிக்காய் வந்து நிற்கிறது.

இலங்கையிலிருந்து எழுதும் அக்கா, தாம் படித்த உயிரியலில் ‘விகாரம்’ என்று வரும் என்றார். தமிழ்நாட்டுக் காதுக்கு அது அருவருப்பு என்று ஒலிக்கும் என நானும் முதலில் தள்ளிவிட்டேன். பிறகுதான் நன்னூல் நினைவுக்கு வந்தது. இரண்டு சொற்கள் சேர்வதுதான் இலக்கணத்தில் புணர்ச்சி; அதில் எழுத்துகள் மாறினால் அது விகாரப் புணர்ச்சி. அந்த விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். புதிதாக ஓர் எழுத்து வந்தால் தோன்றல், ஒன்று வேறொன்றானால் திரிதல், ஒன்று மறைந்தால் கெடுதல். மரபணுவின் எழுத்துகளில், அதாவது டி.என்.ஏ.வின் வேதி அலகுகளில், நடப்பதும் இதே மூன்றுதான்! கியூபெக்கில் இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பேரிடம் ஏற்பி மரபணுவின் தொடக்கத்தில் 15,000 எழுத்துகளுக்கு மேல் காணாமல் போயிருக்கின்றன. அது கெடுதல். லித்துவேனிய யூதர்களிடம் மூன்றே எழுத்துகள் கெட்டு, புரதத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் ஒன்று குறைந்துவிட்டது. லெபனான் மாற்றம் ஒரே எழுத்துத் திரிதல். ஆனால் திரிந்த இடத்தில் ‘இங்கே நிறுத்து’ என்ற கட்டளை வந்துவிட்டதால் புரதம் பாதியில் அறுந்துபோகிறது. நம் இலக்கணத்தில் ஆயத்தமாக இருந்த சொற்கள் இவை. அக்காவுக்கு நன்றி.

பொதுப்பெயராக ‘விகாரம்’ வேண்டாம், ‘திரிபு’ போதும் என்பது என் கருத்து. கொரோனாக் காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய சொல். இலக்கணப்படி திரிதல் மூன்றில் ஒரு வகைதான் என்பது தெரியும். அதனால் வகையைச் சொல்லும்போது ‘திரிதல்’, பொதுவாகச் சொல்லும்போது ‘திரிபு’ என்று பிரித்து ஆளலாம். பொதுச்சொல்லில் கேடு என்ற வாடை இருக்கக்கூடாது என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் வாழும் ஆமிஷ் என்னும் கிறித்தவப் பிரிவினரைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த சில நூறு பேரின் வழிவந்தவர்கள். அவர்களில் சுமார் 12 சதவீதம் பேரிடம், எல்.டி.எல். துகளை ஏற்பியோடு பிணைக்கும் புரதத்தில் ஒரு திரிபு இருக்கிறது. அது கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது. அதே மக்களில் சுமார் 5 சதவீதம் பேரிடம் வேறொரு மரபணுவில் இன்னொரு திரிபு. 2008இல் வெளியான ஓர் ஆய்வின்படி அது ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடைக் குறைக்கிறது, ரத்தக் குழாயைக் காக்கவும் செய்கிறது. ஒரே கூட்டத்தோடு வந்த இரண்டு வித்துக்குடித் திரிபுகள். ஒன்று கெடுக்கிறது, ஒன்று காக்கிறது. ‘பிறழ்வு’ என்றால் இரண்டாவதை என்ன சொல்லி எழுதுவது?

சொல்லைத் தேடுவதில் இவ்வளவு நேரம் செலவிடுவானேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். வித்துக்குடித் திரிபு எது என்று ஏற்கெனவே கண்டறியப்பட்ட மக்களிடம் பரிசோதனை எளிது. மரபணு முழுவதையும் படிக்காமல் இரண்டு மூன்று இடங்களை மட்டும் பார்த்தாலே பெரும்பாலானோரைக் கண்டுபிடித்துவிடலாம். ஒருவருக்கு உறுதியானால் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. அவர்களை அழைத்துச் சோதித்து, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தை இளம் வயதிலேயே தொடங்கினால் மாரடைப்பை வெகுவாகத் தடுக்க முடியும். அந்த அழைப்பை ஒரு குடும்பம் ஏற்பதும் மறுப்பதும் அது எந்தச் சொல்லில் வருகிறது என்பதைப் பொறுத்தது. ‘உங்கள் இனத்து நோய்’ என்றால் கதவு மூடிக்கொள்ளும்.

திருத்திய பத்தி இது. படித்துப் பார்த்து எங்கே தடுக்குகிறது என்று சொல்லுங்கள்:

“சிறு கூட்டமாக வந்து, தமக்குள் மணம் செய்து பெருகிய மக்களிடம், முதலில் வந்தவர்களில் ஒருவரிடம் இருந்த மரபணுத் திரிபு பிற்காலத்தில் பலரிடமும் காணப்படலாம். இது வித்துக்குடி விளைவு எனப்படும். அத்தகைய திரிபு வித்துக்குடித் திரிபு. அது தற்செயலாகப் பெருகியது. யாருடைய குற்றமும் அன்று.”

‘மக்கள்தொகை’க்கும் ‘மக்கள் கூட்டம்’ என்பதற்கும் இடையே ஒரு நல்ல சொல் இன்னும் எனக்கு அமையவில்லை. எண்ணிக்கையைக் குறிக்காமல் அந்த மக்களையே குறிக்கும் சொல் வேண்டும். அதற்கு வேண்டுமானால் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்